சின்னவளுக்குக் கொடுத்த கேமரா

வெள்ளகோவில் வீட்டுக் கூடத்தில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைக்கும்போதே லோகப்பிரியாவின் கண் அதில் போய் நின்றுவிட்டது. மாமியார் தெய்வாத்தாள் எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நிமிர்கிறார். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரிக்கிறார். முன்பல் இரண்டு இல்லாதது தெரிகிறது. முந்தானை ஈரமாக இருக்கிறது. கேமராவைக் கண்டாலே கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி விறைத்துக்கொள்ளும் மனுஷி அவர்.

"யாருங்கத்தை எடுத்தது?"

"நம்ம சின்னவதான் கண்ணு. போன தடவ வந்தப்ப போன்ல எடுத்தாளாமா. அவளே பெருசு பண்ணி, சட்டம் போட்டுக் கொண்டாந்து மாட்டிப்போட்டா. நல்லாருக்குதா?"

"நல்லாருக்குதுங்க."

வாய் அப்படிச் சொன்னது. வயிறு வேறு சொன்னது.

லோகப்பிரியா அந்த வீட்டின் மூத்த மருமகள். கணவர் மனோஜ்குமாருக்குப் பீளமேட்டில் வெட்கிரைண்டர் பட்டறை. காலையிலிருந்து மாலை வரை பட்டறை அலுவலகத்தில் உட்கார்ந்து எந்த லாரியில் எத்தனை கிரைண்டர் ஏறுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கினாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அது அவளுடையது. உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நின்று பரிசல்காரர்களையும் கூழைக்கடாப் பறவைகளையும் எடுப்பாள். சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவாள். கேமராவைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் "பெரியவளக் கேளுங்க" என்பார்கள்.

அந்த ஏழு வருடத்தில் இந்தக் கூடத்திலேயே எத்தனையோ நூறு படம் எடுத்திருப்பாள். எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் ஒன்றுகூடச் சுவரேறவில்லை.

அவள் படத்தின் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். போனில் எடுத்ததுதானே, பின்னால் தெரியும் மங்கல் போன் தானாகப் போட்ட பொய் மங்கல். அது மாமியாரின் காதோரத்து முடியைக் கொஞ்சம் தின்றிருந்தது. அதைக் கண்டுபிடித்ததில் ஒரு நிமிடம் நிம்மதி. ஆனால் அந்தச் சிரிப்பு பொய்யில்லை. பதினாறு வருடம் அந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தும் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

படம் எடுத்த வர்ஷினி கொழுந்தன் அருண்குமாரின் மனைவி. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. சரவணம்பட்டியில் ஐடி கம்பெனியில் வேலை. சின்ன உருவம், மெல்லிய மணிக்கட்டு, வாயைத் திறந்தால் நிற்காத பேச்சு. அன்று அவளும் அருணும் வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து இலை எடுக்கும்போது லோகப்பிரியாவின் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தனுங்க. எனக்கு போனஸ் வந்துருக்குது. ஒரு நல்ல கேமரா வாங்கலாம்னு. மிரர்லெஸ் வாங்கறதுங்களா, டிஎஸ்எல்ஆர் வாங்கறதுங்களா? நெட்ல பாத்தா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க சொல்றததான் வாங்குவேன்."

லோகப்பிரியாவுக்குப் பதில் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஏனென்றால் ஒரு வருடமாக அவளே மிரர்லெஸ் வாங்க வேண்டும் என்று மனசுக்குள் வைத்திருந்தாள். டிஎஸ்எல்ஆரில் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது. அதனால் எடை, அதனால் படக்கென்று ஒரு சத்தம். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை. படம் எப்படி விழப்போகிறதோ அப்படியே முன்கூட்டி, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிந்துவிடும். ஆளின் கண்ணை அதுவே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். சத்தமில்லாமல் எடுக்கலாம். ஆட்களை, அதுவும் அவர்களுக்குத் தெரியாமல் எடுக்கும் ஒரு சின்ன மணிக்கட்டுக்காரிக்கு வேறென்ன வேண்டும்? 'மிரர்லெஸ் வாங்கு கண்ணு, யோசிக்கவே வேண்டாம்.' ஒரே வாக்கியம்.

அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதற்குள் கூடத்துப் படம் கண்ணில் பட்டது. வெறும் போனிலேயே இப்படி எடுக்கிறவள் கையில் தனக்கே இன்னும் வாய்க்காத கேமரா வந்தால்?

"கத்துக்கறதுக்கு டிஎஸ்எல்ஆர்தான் கண்ணு," என்றாள். "அதுல பழகினாத்தான் அடிப்படை வரும். மிரர்லெஸ்ல பேட்டரி சீக்கிரம் தீரும். லென்ஸ் வெலையும் ஜாஸ்தி. எடுத்த எடுப்புல அதுல போய் காசக் கொட்டாத."

சொன்னதில் பொய் என்று ஒன்றும் இல்லை. நல்ல டிஎஸ்எல்ஆரில் காலம் முழுக்கப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் அது இல்லை என்பது சொன்னவளுக்குத் தெரியும்.

வர்ஷினி முகம் லேசாக வாடியது. "அப்படீங்களா? நான் மிரர்லெஸ்தான்னு கொஞ்சம் மனசுல வெச்சுட்டேன்..."

அவள் கடைக்குப் போய்விடுவாளோ என்று பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் லோகப்பிரியா அடுத்ததைச் சொன்னாள். மாமியார், அண்ணன் தம்பி இருவர் என்று எல்லோரும் இருக்கும்போது, கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள்.

"புதுசு எதுக்கு? என்னோடதையே வெச்சுக்க. ஆளுங்கள எடுக்கற எண்பத்தஞ்சு எம்எம் லென்ஸோட தர்றேன். காசெல்லாம் வேண்டாம். தங்கச்சிக்கு அக்கா குடுக்கறதுன்னு வெச்சுக்க."

தெய்வாத்தாளின் கண் கலங்கியே விட்டது. "பாத்தியாடா அருணு, ஓரகத்திங்கன்னா அடிச்சுக்குவாங்கம்பாங்க. என்ற மருமவளப் பாரு." வர்ஷினி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மனோஜ்குமார் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். லோகப்பிரியாவுக்கு அந்த நிமிடம் தான் நல்லவள் என்றே தோன்றியது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் கேமராவை வைத்துத் துடைத்தாள். கேமராவுக்குள் பதிந்து வைத்திருந்த தன் பெயரை அழித்தாள். எல்லா அமைப்புகளையும் பழையபடிக்குக் கொண்டுவந்தாள். கேமரா கைமாறும்போது யாரும் செய்வதுதான். ஒன்று மட்டும் அழியாமல் மிச்சமிருந்தது. அதைத் தனியாகப் போய் அழித்தால்தான் போகும்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த எண்பத்தைந்து லென்ஸ் வாங்கியபோது படத்தில் ஆட்களின் கண் மங்கலாகவும் காது தெளிவாகவும் விழுந்துகொண்டிருந்தது. கோட்டைமேட்டில் கேமரா பழுது பார்க்கும் அக்பர் அலியிடம் கொண்டுபோனாள். "கேமராவும் கெட்டுப்போகல, லென்ஸும் கெட்டுப்போகலீங்க மேடம். ரெண்டுக்கும் ஜோடி சேரல. ஃபோகஸ் ரெண்டு வெரக்கடை பின்னால தள்ளிப் போய் விழுகுது," என்று சொல்லி, மேஜையில் அளவுகோலைச் சாய்த்து வைத்து முக்கால் மணி நேரம் சோதித்து, கேமராவுக்குள் ஒரு திருத்தம் போட்டுக் கொடுத்தார். மைனஸ் பதினாலு. அன்றிலிருந்து கண் ஊசி மாதிரி விழுந்தது. டிஎஸ்எல்ஆருக்கே உள்ள தொல்லை அது. மிரர்லெஸ்ஸில் கிடையாது.

திரையில் அந்த எண் நின்றது. லோகப்பிரியா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பிறகு உட்கார்ந்து, மைனஸ் பதினாலை அழித்தாள். 'நிச்சயமாக அழிக்கலாமா?' என்று கேமரா கேட்டது. ஆமாம் என்றாள்.

அடுத்த மாதம் அவள் மிரர்லெஸ் வாங்கினாள். நல்ல கேமராதான். கையில் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. ஆனால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது வர வேண்டிய சந்தோஷத்தில் பாதிதான் வந்தது. மீதிப் பாதி வர்ஷினியின் படங்கள் எப்படி விழுகின்றன என்று தெரிந்துகொள்வதற்காகக் காத்திருந்தது.

வர்ஷினி தான் எடுத்த படங்களை வாட்ஸப்பில் அனுப்ப ஆரம்பித்தாள். அடுக்குமாடிக் காவலாளி, கீரைக்காரம்மா, அலுவலகத் தோழி. எல்லோருக்கும் காது தெளிவு, கண் மங்கல். ஒவ்வொரு படத்தையும் லோகப்பிரியா விரலால் பெரிதாக்கிக் கண்ணைத்தான் முதலில் பார்ப்பாள். மங்கல் என்று தெரிந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இதமாக இறங்கும்.

"எங்கீங்க்கா தப்புப் பண்றேன்?" என்று அவள் கேட்பாள்.

"கை ஆடுது கண்ணு. பழகப் பழக வரும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் வர்ஷினியும் பெரியகுளத்துக்கு வந்தாள். ஒருநாள் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த மீன்காரரிடம் அவள் பேச்சுக் கொடுத்தாள். ஐந்து நிமிடத்தில் அந்த மனிதர் தன் மகள் நர்சிங் படிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அவர் முகம் மலர்ந்ததே, அந்த நேரம் பார்த்து வர்ஷினி எடுத்தாள். லோகப்பிரியா ஏழு வருடமாக அதே மனிதரைத் தூரத்திலிருந்து எடுத்திருக்கிறாள். அவர் பேர்கூடத் தெரியாது.

"அக்கா, பின்னாடி ஸ்கிரீனப் பாத்து எடுத்தா கொஞ்சம் நல்லா விழற மாதிரி இருக்குதுங்க்கா," என்றாள் வர்ஷினி, ஏதோ கண்டுபிடித்த ஆர்வத்தில்.

லோகப்பிரியாவுக்குத் திக்கென்றது. திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் வேறு வழியில் நடக்கும், திருத்தமே தேவைப்படாது. இவள் இன்னும் இரண்டு வாரத்தில் தானாகவே கண்டுபிடித்துவிடுவாள்.

"போன் மாதிரி கைய நீட்டி எடுத்தா என்னிக்குக் கத்துக்குவ? வியூஃபைண்டர்ல கண்ண வெச்சு எடு. அதுதான் முறை."

"சரீங்க்கா," என்று வர்ஷினி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அந்தச் 'சரீங்க்கா'வில் இருந்தது. லோகப்பிரியா திரும்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

வர்ஷினியின் தங்கை பிரீத்திகாவுக்கு அன்னூரில் மாப்பிள்ளை அமைந்தது. காரமடையில் பெண் வீட்டிலேயே உப்புச்சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்வது என்று ஏற்பாடு. ஐம்பது பேர் விசேஷம். "போட்டோகிராபரெல்லாம் கல்யாணத்துக்குப் பாத்துக்கலாம். இதுக்கு எங்கக்கா எடுத்தாப் போதும்," என்று பிரீத்திகா சொல்லிவிட்டாள்.

லோகப்பிரியாவும் போயிருந்தாள், புதுக் கேமராவோடு. வர்ஷினி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றிச் சுற்றி எடுத்தாள். லோகப்பிரியா ஒரு ஓரமாக நின்று ஒரு இருபது படம் எடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா பிரீத்திகாவுக்குப் பூ வைத்தபோது பெண்ணின் கண் நிறைந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. இரண்டு கேமராவும் அப்போது எடுத்தன.

சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும் வர்ஷினியின் படங்களைப் பெரிய டிவியில் போட்டார்கள். போன் திரையில் தெரியாத குறையெல்லாம் டிவியில் பூதாகரமாகத் தெரிந்தது. பத்துப் படம் போனது.

"என்ன சாமி, அல்லாருக்கும் மொகத்துல பொகை போட்டாப்பல இருக்குது?" என்றார் மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர். யாரோ சிரித்தார்கள். வர்ஷினி வேகமாக அடுத்த படத்துக்குத் தள்ளினாள். அடுத்ததும் அப்படித்தான். பூ வைத்த படம் வந்தது. பிரீத்திகாவின் ஜிமிக்கியில் ஒவ்வொரு மணியும் எண்ணிவிடலாம் போலத் தெளிவு. நிறைந்த கண் இருந்த இடத்தில் ஒரு மங்கல்.

"அக்கா, ஒண்ணுகூடவா நல்லா வரல?" என்றாள் பிரீத்திகா. குரல் உடைந்துவிட்டது. "நம்பித்தானே வேற யாரையும் சொல்லாம உட்டேன்?"

"வர்ஷினியோட ஓரகத்தி எடுத்தது இருக்குமல்லோ, அதப் போடுங்க," என்று யாரோ சொன்னார்கள். லோகப்பிரியாவின் இருபது படமும் டிவியில் ஏறின. கண்ணாடி மாதிரி இருந்தன. "இதுதாம்மா படம்," என்றார் அதே அத்தை. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை மாதமாக அவள் எதற்காகக் காத்திருந்தாளோ அது முழுசாகக் கிடைத்தது.

ஆனால் அந்தக் கூடத்தில் படம் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தான் எடுத்த பூ வைத்த படத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. பக்கவாட்டிலிருந்து, மாப்பிள்ளையின் அம்மாவின் முழங்கை பாதியை மறைக்க, வெறுமனே தெளிவாக இருந்தது. வர்ஷினி நேர் எதிரே முட்டிபோட்டு, இரண்டு பெண்களின் முகமும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் சேரும் இடம் பார்த்து எடுத்திருந்தாள். கண் மட்டும் தெளிவாக விழுந்திருந்தால், லோகப்பிரியாவால் வாழ்நாளில் எடுக்க முடியாத ஒரு படமாக அது இருந்திருக்கும். தான் எதைக் கெடுத்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. அப்போதுகூட முதலில் வந்தது வருத்தம் இல்லை. எப்படி அந்த இடத்தில் போய் முட்டிபோடத் தோன்றியது இவளுக்கு என்ற எரிச்சல்தான்.

வர்ஷினி சமையல்கட்டுப் பக்கம் போய் கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"அக்கா, எனக்கு இது வராதுங்க. அடுத்த வாரம் கேமராவக் கொண்டாந்து குடுத்துடறேன். உங்க நல்ல பொருள நான் எதுக்கு வீணா வெச்சுட்டு."

"அதெல்லாம் வரும் கண்ணு," என்று லோகப்பிரியா சொல்லிப் பார்த்தாள். அது அவள் காதுக்கே நன்றாக இல்லை.

அதன்பின் வர்ஷினியிடமிருந்து படம் எதுவும் வரவில்லை. கேமராவில் மட்டுமல்ல, போனிலும் எடுப்பதை நிறுத்திவிட்டாள் என்று அருண் சொன்னான். இரண்டு ஞாயிறு லோகப்பிரியா மட்டும் குளத்துக்குப் போய்வந்தாள். மீன்காரர், "அந்தப் பொண்ணு வரலீங்களா?" என்று கேட்டார்.

மூன்றாவது வாரம், பட்டறையில் லாரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்பர் அலி.

"ஏனுங்க மேடம், சௌக்கியமுங்களா? உங்க பழைய கேமரா நம்ம கடைக்கு வந்துருந்துச்சுங்க. உங்க தங்கச்சிங்களாமா, பையில நம்ம கடைக் கார்டு இருந்துச்சாமா, திருப்பிக் குடுக்கணும், நல்லா தொடச்சுக் குடுங்கன்னு கொண்டாந்தாங்க."

லோகப்பிரியா பேனாவைக் கீழே வைத்தாள். "செரிங்க பாய்."

"சும்மா ரெண்டு படம் எடுத்துப் பாத்தனுங்க. பாத்தா ஃபோகஸ் மறுபடி பின்னால போகுது. உள்ள போய்ப் பாத்தா நான் போட்ட திருத்தமே இல்லீங்க. மறுபடி மைனஸ் பதினாலு போட்டுக் குடுத்துட்டேன். இப்ப சும்மா ஜம்முனு இருக்குது."

"அவகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னனுங்களே. தானா அழிஞ்சுருக்குமாங்கன்னு அவங்க கேட்டாங்க. இல்லீங்க, அதத் தனியாப் போய் அழிச்சாத்தான் அழியும்னேன். உடனே காசக் குடுத்துட்டுக் கெளம்பிட்டாங்க. ஏனுங்க மேடம், நான் எதுவும் தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?"

"இல்லீங்க பாய். நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல."

அன்று முழுக்க வர்ஷினி கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தாள். மறுநாளும் எதிர்பார்த்தாள். திட்டினால் பதில் சொல்லலாம். அழுதால் சமாதானம் சொல்லலாம். அவள் கூப்பிடவே இல்லை. நான்காம் நாள் லோகப்பிரியாவே போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம கொளத்துக்கு வாரேனுங்க," என்று மட்டும் சொல்லி வர்ஷினி வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்பே அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கேமராப் பை. லோகப்பிரியா வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சமாதானங்கள் நான்கைந்து இருந்தன. ரீசெட் செய்தபோது தெரியாமல் போயிருக்கும் என்பது அதில் ஒன்று. அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

"நான்தான் அழிச்சேன்," என்றாள்.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுதான் அழிச்சேன்."

வர்ஷினி தலையாட்டினாள். "நாலு மாசம் என்ற கண்ணுதான் சரியில்லைன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. கண் டாக்டர்கிட்டப் போனேன். ரெண்டு தடவ போனேன். கண்ணுல ஒண்ணும் இல்லீங்கறாங்க. அப்பறம் கை நடுங்குதோன்னு நெனச்சேன். எங்க தாத்தாவுக்குக் கை நடுக்கம் இருந்துச்சு, எனக்கும் வந்துருச்சோன்னு ராத்திரியெல்லாம் கைய நீட்டி நீட்டிப் பாப்பேன். எங்க வீட்டுக்காரருகிட்டகூடச் சொல்லல." திரும்பி லோகப்பிரியாவைப் பார்த்தாள். "ஏனுங்க்கா?"

"பொறாமை கண்ணு," என்றாள் லோகப்பிரியா. அந்தச் சொல்லை இதுவரை தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. "நீ எடுக்கறது எனக்கு வராது. நான் ஏழு வருசமா கேமராவப் படிச்சேன். நீ ஆளுங்களப் பாக்கற. நீ மிரர்லெஸ்ஸான்னு கேட்டப்பவே ஆமான்னு சொல்லியிருக்கணும். அன்னிக்குச் சொன்னதே பொய்தான். அப்பறம் இது."

"நான் உங்ககிட்டக் கத்துக்கணும்னுதானுங்க இருந்தேன்."

லோகப்பிரியா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்ன செஞ்சா செரியாகும், சொல்லு."

"என்கிட்டச் சொன்னது பத்தாதுங்க. பிரீத்திகாகிட்டச் சொல்லணும். அவ இன்னும் என்கூட மொகங்குடுத்துப் பேசறதில்ல. அவளுக்கு அந்த நாளு திரும்பி வருமுங்களா?" வர்ஷினி எழுந்து, பையை லோகப்பிரியாவின் பக்கம் நகர்த்தினாள். "இது நல்ல கேமராங்க. அதுமேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா எனக்கு வேண்டாம். நான் கேட்டதையே வாங்கிக்கறேன்."

செவ்வாய்க்கிழமை லோகப்பிரியா தனியாக பஸ் ஏறிக் காரமடைக்குப் போனாள். கிளம்பும்போது நடந்ததையெல்லாம் மனோஜ்குமாரிடம் சொன்னாள். அவர், "ஏம்புள்ள இப்படிப் பண்ணிப்போட்ட?" என்று மட்டும் கேட்டார். கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

பிரீத்திகாவும் அவள் அம்மாவும் கூடத்தில் இருந்தார்கள். காப்பி வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, குடிக்காமல், நடந்ததைச் சொன்னாள். பாதியில் பிரீத்திகாவின் அம்மா, "தெரியாம ஆயிருக்கும் அம்மணி, விடு," என்று மூடிவிடப் பார்த்தார். சம்பந்தி வீட்டு மூத்த மருமகள் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குத் தாங்கவில்லை.

"இல்லீங்க. தெரிஞ்சுதான் செஞ்சேன். வர்ஷினி மேல ஒரு தப்பும் இல்லீங்க. அன்னிக்கு அவ எடுத்ததுதான் நல்ல படம். நான் எடுத்தது இல்ல."

பிரீத்திகா எழுந்து உள்ளே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் போனில் "அக்கா" என்று ஆரம்பித்தது கேட்டது, பிறகு அழுகை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"கல்யாணத்துக்கு வந்துருங்க," என்றாள். குரலில் மரியாதை ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. "அவசியம் வாங்க. வந்திருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. கேமரா மட்டும் வேண்டாமுங்க."

"செரி கண்ணு," என்று லோகப்பிரியா எழுந்தாள்.

தை மாதம் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்டபத்தில் கல்யாணம். ஏழு வருடத்தில் முதல்முறையாக லோகப்பிரியா ஒரு விசேஷத்துக்கு வெறுங்கையோடு போனாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான்கைந்து பேர், "என்ன அம்மணி, கேமரா எங்க?" என்று கேட்டார்கள். "இன்னிக்கு வர்ஷினி எடுக்கறா," என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள்.

வர்ஷினி வாங்கியிருந்த மிரர்லெஸ், லோகப்பிரியா வைத்திருப்பதைவிடப் புதிய மாடல். முகூர்த்தக் கூட்டத்துக்கு நடுவே அவள் சத்தமில்லாமல் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் மணமேடைக்குப் பின்னால் தெய்வாத்தாளும் பிரீத்திகாவின் அம்மாவும் ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வெளிச்சம் இரண்டு நரைத்த தலைமேலும் விழுந்தது. லோகப்பிரியாவின் வலது கை தானாக நெஞ்சு வரை உயர்ந்தது, தொங்காத கேமராவைத் தேடி. இதை வர்ஷினி பார்த்திருக்க மாட்டாள் என்று நினைத்து, அவசரமாகத் திரும்பி அவளைத் தேடினாள்.

அவள் ஏற்கனவே அங்கே முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள்.

அதே பழைய எரிச்சல் எழுந்தது. போய்விட்டது என்று நினைத்திருந்தாள், போகவில்லை. கொஞ்ச நேரம் அதோடு அப்படியே நின்றாள். பிறகு ஒரு சின்னப் பெண் ஓடிவந்து வர்ஷினிக்கும் அந்த இருவருக்கும் நடுவில் குறுக்கே நிற்கப் போனதைப் பார்த்து, இரண்டடி வைத்து, அவள் தோளைப் பிடித்து மெல்ல இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இங்க வா கண்ணு. அவங்க எடுக்கட்டும்."

வர்ஷினி கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு படம் எடுத்தாள். எடுத்து முடித்து நிமிர்ந்தபோது எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். சிரிக்கவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்துவிட்டு, தாலி கட்டப்போகும் பக்கம் நகர்ந்தாள். லோகப்பிரியா அந்தச் சின்னப் பெண்ணின் கையைப் பிடித்தபடி, மறைக்காத இடமாகப் பார்த்துத் தள்ளி நின்றுகொண்டாள்.